பிள்ளைப் பாசமும் பிரம்பும்

 

 

நான் ஆலிம் அல்ல. காலையில் தமிழ்ப் பள்ளியும் மாலையில் மதரஸாவுமாக ஆறாம் வகுப்பு வரை ஓதிப் படித்துவிட்டு, அத்தாவின் மளிகைக் கடையில் தராசு பிடிக்க வந்தவன். நம் சங்கத்துச் செயலாளர் அவர்கள், பிள்ளை வளர்ப்பைப் பற்றி இந்த இதழுக்கு நாலு வார்த்தை எழுதும்படி கேட்டபோது, "இதை ஆலிம்சாவிடம் அல்லவா கேட்க வேண்டும்?" என்றேன். "பிரம்பு விற்கிறவர் நீங்கள்தானே" என்று சொல்லிச் சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆயினும் அந்த வார்த்தை இரண்டு நாள் என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. ஆகவே எழுத உட்கார்ந்தேன். தவறு இருந்தால் அறிந்தவர்கள் திருத்தவும்.

என் கடை வாசலில், துடைப்பக் கட்டுக்கும் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவே, மெல்லிய பிரம்புகள் ஒரு கட்டாகத் தொங்கும். நாமெல்லாரும் மலாய்ப் பேரால் 'ரோத்தான்' என்று சொல்வதுதான். கைப்பிடியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பிளாஸ்டிக் மாட்டி, ஏதோ விளையாட்டுச் சாமான் போல அலங்காரமாக இருக்கும். அத்தா காலத்திலிருந்து விற்கிறோம். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் வாங்குகிறார்கள். 'ரஜுலா' கப்பலில் வந்து இறங்கிய என் அத்தா, "இந்த ஒரு சரக்கில்தான் மூன்று இனத்தாரும் ஒரே கருத்தாக இருக்கிறார்கள்" என்பார்.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் பென்சிலோடும் நோட்டுப் புத்தகத்தோடும் சேர்த்து இதையும் ஒன்று வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுச் சுவரில் அது தூசி படிந்து கிடக்கும். இன்னொரு வகையார் உண்டு. முகம் சிவந்து, மூச்சு வாங்க, சில சமயம் பிள்ளையின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டே வருவார்கள். விலை கேட்க மாட்டார்கள். மீதிச் சில்லறைக்கும் நிற்க மாட்டார்கள். அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கும். கொடுத்துவிடாதே என்று கெஞ்சும் பார்வை அது. நான் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, இருபத்தைந்து வருஷமாகக் கொடுத்து வந்திருக்கிறேன்.

அடியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் உடனே எடுத்துக் காட்டுவது தொழுகை பற்றிய ஹதீது. ஏழு வயதில் பிள்ளையைத் தொழும்படி ஏவச் சொல்லி, பத்து வயதிலும் தொழாவிட்டால் அடிக்கவும் அதில் வந்திருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் நான் கடைக்காரன். எனக்குத் தெரிந்தது கணக்கு. ஏழிலிருந்து பத்து வரை மூன்று வருஷம். பிறைக் கணக்கில் வருஷத்துக்கு 354 நாள் என்று வைத்தால் 1,062 நாள். நாளுக்கு ஐந்து வக்து. ஆக மொத்தம் 5,310 தடவை. இத்தனை தடவை பிள்ளையைக் கூப்பிட்டு, தன் பக்கத்தில் நிறுத்தி, ஓதவும் குனியவும் சொல்லிக் கொடுத்த தகப்பனைப் பார்த்துத்தான் அந்த ஹதீதின் பிற்பகுதி பேசுகிறது. நம்மில் எத்தனை பேருக்கு, சுபுஹுக்குப் பிள்ளையை எழுப்பிய கணக்கு நூறைத் தாண்டும்? முற்பகுதியைச் செய்யாமல் பிற்பகுதிக்கு ஓடுகிறவன், கொள்முதல் செய்யாத சரக்குக்கு விற்பனைச் சிட்டை எழுதுகிறவன்.

அந்த அனுமதிக்கும் மார்க்கச் சட்ட அறிஞர்கள் வேலி கட்டியிருக்கிறார்கள். முகத்தில் கூடாது. காயமோ தழும்போ உண்டாகக் கூடாது. ஹிஜ்ரி 660இல் வபாத்தான ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் அவர்கள் இன்னும் ஒரு நுட்பம் சொல்லியிருக்கிறார்கள். மெல்லிய அடியால் பிள்ளை திருந்தாது, கடும் அடியால்தான் திருந்தும் என்ற நிலை வந்தால் என்ன செய்வது? கடும் அடி ஆகாது என்பது தெரிந்ததே. அப்படியானால் மெல்லிய அடியும் ஆகாது என்கிறார்கள். பலன் இல்லாத வேதனையை எதற்காகக் கொடுப்பது என்பது அவர்கள் கேள்வி. எனக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாது ஒருநாள் கடையில் உட்கார்ந்து தேநீர் அருந்திக்கொண்டே இதைச் சொன்னபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது. சிறுவயதில் அவர் கையாலேயே நான் வாங்கியது எந்த வகை அடி என்று கேட்க நினைத்தேன். மரியாதை கருதிக் கேட்கவில்லை.

திருமறையில் பிள்ளைகளிடம் பேசும் தகப்பன்மார்களைப் பாருங்கள். நூஹு நபி (அலை), இப்ராஹீம் நபி (அலை), யஃகூப் நபி (அலை), லுக்மான் (அலை) ஆகிய நால்வரும் பிள்ளையைக் கூப்பிடும் சொல் ஒன்றே: 'யா புனய்ய'. 'மகனே' என்று மொட்டையாகச் சொல்வதல்ல அது; 'என் அருமைச் சின்ன மகனே' என்று குழைந்து அழைக்கும் சொல். நாம் பாசம் மேலிட்டால் பெற்ற பிள்ளையையே 'வாங்க அத்தா' என்று கூப்பிடுவோமல்லவா, அந்தக் குழைவு. இச்சொல் குர்ஆனில் ஆறு இடங்களில் வருகிறது. லுக்மான் ஒருவர் வாயிலிருந்தே மூன்று தடவை. இணை வைக்காதே, தொழு, பெருமையடித்து நடக்காதே என்று அவர் சொன்னவை எல்லாம் கண்டிப்பான புத்திமதிகள்தாம். கூப்பிட்ட விதத்தில் மட்டும் கண்டிப்பு இல்லை. நூஹு நபியவர்கள் இன்னும் ஒரு படி மேல். சொல் கேளாமல், கப்பலில் ஏறாமல், மலைமேல் ஏறித் தப்பித்துக்கொள்வேன் என்று நின்ற மகனைத்தான், வெள்ளம் சூழ்ந்து வருகிற நேரத்தில், அதே சொல்லால் அழைத்தார்கள்.

நம் பெருமானார் (ஸல்) அவர்கள் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டபோது, பக்கத்தில் இருந்த அக்ரஃ இப்னு ஹாபிஸ் என்பவர், தமக்குப் பத்துப் பிள்ளைகள் உண்டு, ஒருவரையும் தாம் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னார். இரக்கம் காட்டாதவர் இரக்கத்தை எதிர்பார்க்க இயலாது என்ற கருத்துப்படப் பெருமானார் பதில் சொன்னார்கள். இந்த வரலாறு நம் பயான்களில் அடிக்கடி கேட்பதுதான். அதே ஹஸனைப் பற்றிய இன்னொரு வரலாறு அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. ஸதகாவாக வந்த பேரீச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து அந்தக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டது. ஸதகாப் பொருள் நபி குடும்பத்தாருக்கு ஆகாது. ஒரே ஒரு பழம், சின்னப் பிள்ளை, உயிருக்கு உயிரான பேரன். போகட்டும் என்று விடவில்லை. 'கிக், கிக்' என்று, நம் வீட்டுப் பெண்கள் 'தூ, துப்பு' என்பதுபோல், குழந்தைக்குப் புரியும் ஓசையில் சொல்லித் துப்பச் செய்தார்கள். ஏன் தின்னக் கூடாது என்ற காரணத்தையும் சொன்னார்கள். முத்தமிட்டதும் துப்பச் செய்ததும் ஒரே வாய் என்பதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இந்த வரலாற்றுக்குப் பின்னால் திரும்ப வருகிறேன். அதற்குமுன் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2013 டிசம்பரில் நம் மலேசியத் தம்பதி ஒருவர் சுவீடன் நாட்டில் கைதானது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பெற்ற பிள்ளைகளை அடித்தார்கள் என்பது வழக்கு. தொழாததற்காக மகனை அடித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அந்த நாட்டில் 1979இலேயே பிள்ளையை அடிப்பதைச் சட்டத்தால் தடுத்துவிட்டார்கள். உலகத்தில் முதன்முதலாக அப்படித் தடுத்த நாடு அது. 2014 மார்ச்சில் தாய்க்கு 14 மாதமும் தகப்பனுக்கு 10 மாதமும் சிறை என்று தீர்ப்பாயிற்று. பழைய ஃபெரி ஓடிக்கொண்டிருந்த காலம். அக்கரைக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது ஃபெரியின் மேல்தட்டில் இதே பேச்சு. "நம் பிள்ளையை நாம் அடிப்பது எப்படிக் குற்றமாகும்?" என்று எல்லாரிலும் உரத்துப் பேசியவன் நானே. அந்தப் பிள்ளைகள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று அன்று நாங்கள் யாரும் பேசியதாக நினைவில்லை. நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2001ஆம் வருஷத்துப் பிள்ளைகள் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறவருக்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ, 20 வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் சட்டத்தைப் பற்றி எழுத நான் தகுந்தவனல்ல. என் வீட்டில் நடந்ததற்கு எந்தப் போலீசும் வரவில்லை.

2017ஆம் வருஷம். என் மூத்த மகனுக்கு அப்போது பத்து வயது. கல்லாவிலிருந்து ஐந்து வெள்ளி எடுத்துவிட்டான். தவறுதான், கண்டிக்க வேண்டியதுதான். நான் செய்தது கண்டிப்பல்ல. கடை வாசலில் தொங்கிய கட்டிலிருந்து ஒரு பிரம்பை உருவினேன். வாடிக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை அடி என்று எண்ணவில்லை. இரவில் கல்லாக் கணக்கில் பத்து சென் குறைந்தாலும் மறுபடி எண்ணுகிறவன், அன்று எண்ணவில்லை. பிறகு அந்தப் பிரம்பை வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பிடும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். அதன்பின் ஒரு மாதம் பையன் பெட்டிப் பாம்பாக அடங்கி இருந்தான். "பார்த்தாயா, அடி உதவுகிறதுபோல் எதுவும் உதவாது" என்று வீட்டில் பெருமை பேசினேன்.

ஒருநாள் இஷாவுக்குப் பின் சாப்பிட உட்கார்ந்தோம். பையன் இடது கையால் சோற்றைத் தொட்டான். எனக்குக் கோபம் வந்தது. "வலது கையால் சாப்பிடு! மதரஸாவில் என்னதான் ஓதுகிறாய்?" என்று அதட்டினேன். அவன் வலது கையைத் தட்டில் வைத்தான். விரல்கள் மடங்கவில்லை. சோறு சிதறியது. அப்போதும் அவன் என்னைப் பார்க்கவில்லை; சுவரில் இருந்த பிரம்பைத்தான் பார்த்தான். என் மனைவி எழுந்து அவன் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள். மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். "விழுந்து எத்தனை நாள்?" என்று டாக்டர் கேட்டார். மூன்று நாள். சிநேகிதன் சைக்கிளை வாங்கி, நான் போகக் கூடாதென்று சொல்லியிருந்த ஜாலான் பாகான் லுவாரில் ஓட்டி, கால்வாய் ஓரத்தில் விழுந்திருக்கிறான். மூன்று நாள் முறிந்த கையோடு பள்ளிக்கூடம் போனான், மதரஸா போனான், கடைக்கு வந்து எனக்குச் சர்க்கரைப் பொட்டலம்கூட எடுத்துக் கொடுத்தான். மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பி வரும்போது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அடிப்பீங்கன்னு பயந்துட்டேன் அத்தா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பிறகு தூங்கிவிட்டான்.

சகோதரர்களே, வலது கையால் சாப்பிடும் அந்தப் பாடம் பெருமானார் கற்றுக் கொடுத்ததுதான். யாருக்கு, எப்படி? அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் முந்திய கணவருக்குப் பிறந்த உமர் என்ற சிறுவர் பெருமானாரின் வீட்டில் வளர்ந்தார். ஒரே தட்டில் உண்ணும்போது அவர் கை தட்டு முழுவதும் சுற்றி வரும். தட்டிலிருந்து விரட்டவில்லை. கூட உட்கார வைத்துக்கொண்டே, பிஸ்மி சொல்லவும், வலது கையால் உண்ணவும், தன் பக்கத்தில் இருப்பதை எடுக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றே விஷயம், நாலு நொடியில் சொல்லக்கூடியது. அதன்பின் வாழ்நாள் முழுதும் தாம் அப்படியே உண்டு வந்ததாக அந்தச் சிறுவர் பெரியவரானபின் சொல்லியிருக்கிறார். அதே வலது கைப் பாடத்தை நான் என் மகனுக்குச் சொன்ன விதத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

இப்போது அந்தப் பேரீச்சம்பழத்துக்கு வருகிறேன். பழம் வெளியே வர வேண்டுமானால் குழந்தை வாயைத் திறக்க வேண்டும். பாட்டனார் முகத்தைப் பார்த்துப் பயப்படாத குழந்தை வாயைத் திறக்கும். பயப்படுகிற குழந்தை என்ன செய்யும்? உதட்டை இறுக மூடிக்கொண்டு அவசரமாக விழுங்கிவிடும். என் மகன் முறிந்த கையை விழுங்கினான். அந்த ஒரு மாதத்தில் அவன் அடங்கியிருந்தான் என்று நான் பெருமைப்பட்டேனே, அது திருத்தமல்ல, மறைக்கக் கற்றுக்கொண்டது. இப்னு கல்தூன் என்ற பேரறிஞர் ஹிஜ்ரி 779இல் எழுதி முடித்த 'முகத்திமா' நூலில், கடுமையில் வளரும் பிள்ளைகள் பொய்யையும் வஞ்சகத்தையும் பழகிக்கொள்கிறார்கள், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ஆகிவிடுகிறார்கள் என்று விளக்கியிருக்கிறார் என உஸ்தாது சொன்னார். அறுநூறு வருஷத்துக்கு மேலாகிறது. நான் அதை என் வீட்டுச் சாப்பாட்டுப் பாயில் தெரிந்துகொண்டேன்.

இதைப் படிக்கும் தாய்மார்கள், "அப்படியானால் பிள்ளையை ஒன்றும் சொல்லக் கூடாதோ" என்று நினைத்துவிட வேண்டாம். என் கடைக்கு வரும் ஒரு சிறுவன் மிட்டாய், சாக்லேட் என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவான். அவன் தாயார் பின்னால் வந்து கணக்குத் தீர்ப்பார். "இவன் அத்தாவுக்குத் தெரிய வேண்டாம், அடித்துவிடுவார்" என்பார். எனக்குக் காசு வந்துவிட்டது; நானும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வருஷம் இப்படி நடந்தது. அந்தத் தாயின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழம் அந்தப் பிள்ளையின் வாயில் அப்படியே இருந்தது. யாரும் துப்பச் சொல்லவில்லை. தகப்பன் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்ற பயத்தால்தான் தாய் மறைத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவருடைய மிதமிஞ்சிய கோபம் மற்றவருடைய மிதமிஞ்சிய செல்லத்தை உண்டாக்குகிறது. நடுவில் பிள்ளைக்குக் கிடைத்தது ஒன்று பயம், இல்லையேல் மூடி மறைக்கும் துணை. அந்தப் பையன் இப்போது வளர்ந்துவிட்டான். மேற்கொண்டு எழுதினால் புறம் பேசியதாகும்.

முதல் குற்றத்தைக் கண்டும் காணாததுபோல் விடுவதும், மறுபடி செய்தால் தனியே அழைத்துச் சொல்வதும், ஓயாமல் திட்டிக்கொண்டே இருக்காமல் இருப்பதும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பிள்ளை வளர்ப்புக்குக் காட்டும் வழி. ஓயாத திட்டுக்குக் காது மரத்துப்போகும் என்பது அவர்கள் காரணம். தனியே அழைத்துச் சொல்வது என்ற ஒன்றையாவது நான் 2017இல் அறிந்திருந்தால், வாடிக்கைக்காரர்கள் முன்னால் அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டேன். அடியை மகன் மறந்தாலும் மறக்கலாம். அன்று அங்கே நின்றவர்கள் யார் யார் என்று இன்றும் பேர் சொல்வான்.

மாவுக்கட்டு அவிழ்ப்பதற்குள் சுவரிலிருந்த பிரம்பை எடுத்துவிட்டேன். கடையிலிருப்பதை எடுக்கவில்லை. விற்பதையே நிறுத்திவிடும்படி என் மனைவி சொல்கிறாள். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஒன்று மட்டும் செய்து வருகிறேன். கோபத்தோடு வந்து கேட்கிறவருக்குக் கொடுப்பதில்லை. "நாளைக்குச் சுபுஹு தொழுதுவிட்டு வாருங்கள், தருகிறேன்" என்பேன். முஸ்லிமல்லாதவராக இருந்தால், "நாளைக் காலையில் பசியாறிவிட்டு வாருங்கள்" என்பேன். பெரும்பாலோர் மறுநாள் வருவதில்லை. ஒருவர் என்னை ஏசிவிட்டு எதிர்க்கடையில் வாங்கிப் போனார். எதிர்க்கடைக்காரர் எனக்கு நன்றி சொன்னார்.

மகனுக்கு இப்போது பதினெட்டு வயது. கடையில் எனக்கு உதவியாக இருக்கிறான். அந்தக் கைமுறிவுக்குப் பின் அவன் என்னிடம் வாய் திறந்து பேசுவதற்குப் பல மாதங்கள் ஆயின. அந்தக் காலத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. போன மாதம் சுங்கை பூயுவுக்கு வேனில் சரக்குக் கொண்டுபோனவன் போன் செய்தான். "அத்தா, வேனைக் கம்பத்தில் இடித்துவிட்டேன். என் தப்புதான், போனைப் பார்த்தேன்" என்றான். யாரும் பார்க்கவில்லை, பழைய வேன், நிறுத்தி வைத்திருந்தபோது யாரோ இடித்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். "உனக்கு அடி ஏதும் பட்டதா?" என்று கேட்டேன். இல்லை என்றான். பட்டறையில் 380 வெள்ளி ஆயிற்று. மாதம் ஐம்பது வெள்ளி வீதம் அவன் சம்பளத்தில் பிடித்து வருகிறேன்.